கல்லடிக் கடற்கரையில் ஒரு வான்காட்சி மாலை: தொலைகாட்டியில் கண்டதும் தட்டத்தில் கண்டதும்

"பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களின் நீரை நேரில் காணுங்கள்" என்று அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று, கடந்த தை மாதக் கடைசியில் மட்டக்களப்பு நகரின் போட்டோப்பிரதிக் கடை ஒன்றின் மேசையில் என் கண்ணில் பட்டது. கல்லடியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு விடுதி, அமாவாசையை அண்டிய சனிக்கிழமைகளில் நடத்தும் வான்காட்சி மாலைக்கான அழைப்பு அது. பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், மாணவர்களுக்கு 750 ரூபாய், பிளேன்ரீயும் சிற்றுண்டியும் அதற்குள் அடக்கம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு மாசி மாத அமர்வுக்குப் போய்வந்தேன். விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதிக்கு மேற்பட்டவை அடுத்த மாதமே திருத்தக்கூடியவை, ஆனால் பெயரோடு இணையத்தில் ஏறிவிட்டால் திருத்திய பின்னும் அவை அங்கேயே கிடக்கும்.

முதலில் அந்த விளம்பர வாசகத்தைத் தள்ளிவிட வேண்டும். இளம் நட்சத்திரங்களைச் சூழ்ந்த நீராவி வெளிவிடும் கதிர்கள் செந்நிறக்கீழ்ப் பகுதியிலும் அதைவிட நீண்ட அலைநீளங்களிலும் விழுவதால், அவற்றை எந்தத் தொலைகாட்டியின் கண்வில்லையில் கண் வைத்தாலும் ஒருவரும் காணப்போவதில்லை. அவற்றுள் மிக முக்கியமான ஒன்று 557 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டிய அலைநீளத்தில் இருக்கிறது. நமது வளிமண்டலத்திலுள்ள நீராவியும் அதே நீர்தான் என்பதால், வானத்திலிருந்து வரும் அந்தக் கதிரை அது தரைக்கு வரவிடாமல் விழுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் சூழ்ந்த கல்லடியில் நின்று அதைத் தேடுவது, அடைமழையில் நின்றுகொண்டு பக்கத்து வளவில் குழாய் சொட்டும் ஒலிக்குக் காது கொடுப்பதற்கு ஒப்பானது. பிரசுரத்தை வாசித்த உடனேயே மருமகள் கேட்டுவிட்டாள்: "மாமா, நீராவியைக் கண்ணால எப்பிடிக் காணுற?" எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாமற் போனது வியப்பே.

தொலைகாட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு அங்குல ஆடி கொண்ட, மரப்பெட்டிமேல் சுழலும் டொப்சோனியன் வகைத் தொலைகாட்டி அது. கருவியில் பிழை சொல்ல இடமில்லை, ஆடியும் துடைத்துத் துப்புரவாக இருந்தது. உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில் ஆடியை அப்படி வைத்திருப்பது சின்ன வேலையன்று. ஆனால் மாசி மாதத்தில் இரவு எட்டு மணிக்கு ஒரியன் கூட்டம் நமக்கு ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. இவ்வகைத் தொலைகாட்டி அந்த இடத்தில்தான் பிடிவாதம் பிடிக்கும்: குழாய் நெட்டுக்குத்தாக நிமிர்ந்துவிட்டால் அதைப் பக்கவாட்டில் நகர்த்துவது சிரமம், கண்வில்லையும் சிறுவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்கள். மணலில் அந்தக் கதிரையின் கால் புதைந்து, ஏறிய ஒவ்வொரு பிள்ளையும் குழாயைப் பிடித்துக்கொண்டதால், ஒரியன் கூட்டத்திலுள்ள ஒளிரும் வாயுமுகிலான நெபுலா ஒவ்வொரு முறையும் பார்வையை விட்டு ஓடியது. ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு மரப்படி செய்து வைத்தால் போதும். விடுதியின் வாசல் விளக்கையும் யாராவது அணைத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, தொலைகாட்டிக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் ஒரியன் நெபுலாவைக் காட்டி, "இதுதான் அதிர்ச்சியலையில் ஒளிரும் வாயு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே கண்ணுக்குத் தெரிந்த சாம்பல்பூத்த ஒளி, நடுவிலுள்ள நாற்கூட்டு நட்சத்திரங்களின் ஊதாக்கடந்த கதிர்கள் சுற்றியுள்ள ஐதரசனை அயனாக்குவதால் எழுவது. அதிர்ச்சியலையால், அதாவது ஒலியைவிட விரைவாக வரும் வாயு மோதி எழுப்பும் அலையால், ஒளிரும் வாயுத் திட்டுகள் அதற்குச் சற்றுத் தெற்கே, என்ஜிசி 1999 என்ற சிறு நெபுலாவை அண்டி இருக்கின்றன. அமெரிக்காவின் ஜோர்ஜ் ஹேர்பிக்கும் மெக்சிகோவின் கில்லெர்மோ ஹாரோவும் 1940களின் இறுதியில் தனித்தனியே ஆராய்ந்து, பின்னர் இருவர் பெயராலும் ஹேர்பிக்-ஹாரோ பொருள்கள் என்று அழைக்கப்பட்டவை அவைதான். வாசல் விளக்கு எரிகின்ற கல்லடியில் அவை அந்தத் தொலைகாட்டிக்கு எட்டா. இளைஞர் சொன்ன திசை சரி, பொருள்தான் பிழை. காசு கொடுத்து வந்தவர்கள் அந்தப் பிழையையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்த மாலையை நான் பரிந்துரைக்கிறேன் என்றால், அதற்கு ஒரே காரணம் தொலைகாட்டிக்கு முன்பு நடந்த ஒரு மணிநேர உரை. அதை நடத்தியவர் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர். புரொஜெக்டரில் படங்களும் காட்டினார், ஆனால் அவர் மனம் அதில் இல்லை என்பது தெரிந்தது. முதல் படம் முடியுமுன்பே விடுதியின் சமையலறையிலிருந்து ஒரு சில்வர்த் தட்டத்தை எடுத்துவரச் சொல்லி, அதைக் கவிழ்த்து முற்றத்துத் தண்ணீர்க் குழாயின் கீழே வைத்தார். குழாயைத் திறந்ததும் நீர் தட்டத்தின் நடுவில் விழுந்து, கண்ணாடித்தாள் போல மெல்லியதாக நாலாபக்கமும் ஓடியது. நடுவிலிருந்து மூன்று, நான்கு விரற்கடை தள்ளி, திடீரென்று ஒரு வட்ட வரம்பு எழும்பி, அதற்கு அப்பால் நீர் தடித்து, மெதுவாகி, கலங்கியபடி நகர்ந்தது. "வரம்புக்கு உள்ளே தண்ணி ஓடுற வேகத்தைத் தண்ணியில அலை போகிற வேகத்தால பிடிக்க ஏலாது. அதனால முன்னுக்கு என்ன நடக்குது என்ற செய்தி பின்னுக்கு வந்து சேராது. செய்தி வந்து சேராத தண்ணி முட்டித்தான் நிற்கும்" என்றார். அதிர்ச்சியலைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. மருமகள் விரலை அந்த வரம்புக்குள் வைத்துப் பார்த்தாள்; விரலுக்குப் பின்னால் ஆப்பு வடிவில் இன்னொரு சிறு வரம்பு விரிந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்துபோய் விரல் வைத்த பிறகுதான் உரை தொடர்ந்தது.

வேலியோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த வயதான கடற்றொழிலாளர் ஒருவர் அப்போது ஒரு கேள்வி கேட்டார்: "ஆத்துவாய் வெட்டக்குள்ள வெள்ளம் கடலோட முட்டுற இடத்தில நுரை கட்டி நிக்குமே, அதுமாதிரியோ சேர்?" ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி நீர் ஒரு கோடாகப் பாய்ந்து கடலுக்குள் எவ்வளவு தூரம் போகும், எங்கே தடைப்பட்டுச் சுருளும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்த காட்சி. உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரமும் தன்மேல் விழும் வாயுவில் ஒரு பகுதியை இரண்டு எதிர்த்திசைகளில் தாரைகளாகப் பீச்சிவிடுகிறது. அந்தத் தாரைகள் செக்கனுக்கு நூறு கிலோமீற்றர் அளவிலும் சிலவேளை அதற்கு மேலும் விரைகின்றன. சுற்றிலுமுள்ள, வாயுவும் தூசியும் சேர்ந்த முகிலோ ஏறத்தாழ 10 கெல்வினில் குளிர்ந்து கிடக்கிறது. அந்தக் குளிரில் ஒலி செல்லும் வேகம் செக்கனுக்கு 0.2 கிலோமீற்றர் மட்டுமே. ஆகவே தாரை ஒலியைப் போல ஐந்நூறு மடங்கு வேகத்தில் முகிலில் மோதுகிறது. கரும்பலகையில் இந்த வகுத்தலை ஒரு மாணவனைக் கொண்டே செய்வித்தார்.

வரலாற்றையும் அவர் தேவையான அளவுக்கு மேல் நீட்டவில்லை. ஹேர்பிக்-ஹாரோ திட்டுகளுக்குள் ஒரு இளம் நட்சத்திரம் ஒளிந்திருக்கக்கூடும் என்று முதலில் கருதப்பட்டதையும், 1975இல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் அவற்றின் திருசியத்தை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவை) அதிர்ச்சியலையால் விளக்கியதையும், 1981இல் ஹேர்பிக் தம் கூட்டாளியோடு சேர்ந்து முதலாம், இரண்டாம் திட்டுகளின் நகர்வை அளந்தபோது அவை ஒன்றையொன்று விட்டு எதிர்த்திசைகளில் ஓடுவது தெரியவந்ததையும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒரு பொது மூலத்திலிருந்து பாய்ந்தவையென்றால் அப்படித்தானே ஓட வேண்டும்.

நீர் எங்கிருந்து வருகிறது என்ற பகுதிதான் உரையின் உயிர். குளிர்ந்த முகிலில் நீர் இல்லாமலில்லை. அது தூசித் துணிக்கைகளின்மேல் பனித்தோலாக உறைந்து கிடக்கிறது, ஆவியாக இருப்பது மிக மிகச் சொற்பம். அதிர்ச்சியலை கடக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, விரைந்து வரும் துணிக்கைகள் தூசியின்மேல் மோதி அந்தப் பனித்தோலைக் கொத்திக் கழற்றி ஆவியில் சேர்த்துவிடுகின்றன. கூடவே தூசியின் கருவிலிருந்து சிலிக்கனும் கழன்று, ஒட்சிசனோடு கூடிச் சிலிக்கன் ஓரொட்சைட்டாகிறது. ரேடியோ வானியலாளர்கள் இந்த மூலக்கூறைக் கண்டால் அங்கே அதிர்ச்சியலை கடந்திருக்கிறது என்று கொள்வது இதனால்தான். மற்றையது, சூடேறிய வாயுவில் நீர் புதிதாகவே உண்டாகிறது. ஒட்சிசன் அணு ஐதரசன் மூலக்கூறோடு மோதி முதலில் ஐதரொட்சிலாகவும், அது மீண்டும் ஐதரசனோடு மோதி நீராகவும் மாறும் தாக்கங்கள், குளிரில் நடவாதவை. ஏறத்தாழ 250 முதல் 300 கெல்வினைத் தாண்டியதும் அவை மளமளவென்று நடக்கத் தொடங்கிவிடுகின்றன. "300 கெல்வின் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்: 27 பாகை செல்சியஸ், அதாவது நாங்கள் அப்போது இருந்த முற்றத்தின் சூடு. ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கும் தாக்கம் ஒன்று நம்மூர் இரவுச் சூட்டில் தொடங்குகிறது என்ற அந்த ஒப்பீட்டுக்கு மட்டுமே நான் 1,500 ரூபாயைக் கொடுப்பேன்.

அதிர்ச்சியலை மிக வலுத்தால் நீர் மிஞ்சாது என்பதையும் அவர் விடவில்லை. வெப்பநிலை ஒரே தாவலில் பல்லாயிரம் பாகைக்கு ஏறும் அதிர்ச்சியலைகளில் மூலக்கூறுகள் உடைந்து சிதறிவிடும். முகிலில் காந்தப்புலம் ஊடுருவி இருந்தால் நிலைமை வேறு: மின்னேற்றமுள்ள துணிக்கைகள் புலத்தின் வழியே அதிர்வை முன்கூட்டியே உணர்ந்து, நடுநிலையான வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளத் தொடங்குவதால், வெப்பம் படிப்படியாக ஏறி, மூலக்கூறுகள் தப்பிப் பிழைக்கின்றன. புரூஸ் டிரெயின் 1980இல் வகுத்துக் காட்டிய இந்தத் தொடர்வகை அதிர்ச்சியலைதான் நீராவியின் வீடு. பேர்சியஸ் கூட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஹேர்பிக்-ஹாரோ 211இன் படத்தை வெப் விண் தொலைகாட்டி 2023 செப்ரெம்பரில் வெளியிட்டபோது, அந்தத் தாரை பெரும்பாலும் மூலக்கூறுகளாகவே இருந்தது தெரிந்தது. அங்கேயுள்ள அதிர்ச்சியலைகளுக்கு அவற்றை உடைக்கும் வலு இல்லை. படத்திலுள்ள நிறங்கள் செந்நிறக்கீழ்ப் பதிவுகளுக்குப் பின்னர் ஏற்றப்பட்டவை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லாததால், பின்வரிசையில் ஒரு தாய் தன் பிள்ளையிடம் "வானத்தில இப்பிடிச் சிவப்பாயும் இருக்குதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீரை எப்படி அளந்தார்கள் என்ற பகுதியில் அவர் வெண்கட்டியை எடுத்தார். விண்வெளியில் நீர் முதன்முதலாக 1969இல், சாள்ஸ் ரவுன்ஸ் இடம்பெற்ற குழுவினால், 22 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில், கலிபோர்னியாவின் ஹட் கிரீக்கிலிருந்து கண்டறிந்து அறிவிக்கப்பட்டது. அந்தக் கதிரை நமது வளிமண்டலம் ஓரளவு விட்டுக்கொடுக்கிறது. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வானத்துக்கு மேலே போக வேண்டியிருந்தது. 2009 மே 14இல் ஏவப்பட்டு, குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்த 2013 ஏப்ரல் 29 வரை இயங்கிய, 3.5 மீற்றர் ஆடி கொண்ட ஹேர்ஷெல் விண் தொலைகாட்டியில், நெதர்லாந்தின் லைடனைச் சேர்ந்த எவீன் வான் டிஸ்ஹூக் தலைமையில் ஒரு பெரிய குழு ஏறத்தாழ எண்பது இளம் நட்சத்திரப் பகுதிகளின் நீரை ஆராய்ந்தது. அதன் 557 கிகாஹேர்ட்ஸ் பதிவு ஒன்றின் வடிவத்தை ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தார்: இருபுறமும் நீண்டு சரியும் அகன்ற மலை, அதன் உச்சியில் கத்தியால் வெட்டினாற்போல ஒரு குறுகிய பள்ளம். அகலம் என்பது வேகம். நம்மை நோக்கி வரும் வாயுவும் நம்மை விட்டு ஓடும் வாயுவும் கதிரை இருபுறமும் இழுக்கின்றன. பள்ளம் என்பது முன்னால் தொங்கும் குளிர்ந்த முகிலிலுள்ள நீராவி, பின்னாலிருந்து வரும் ஒளியை விழுங்கிய இடம். பேர்சியஸில் எல்1448 என்ற முகிலிலுள்ள இளம் நட்சத்திரத்தின் பதிவில், மலைக்கு இருபுறமும் தள்ளி, செக்கனுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்துக்குரிய இரண்டு தனி மேடுகள் இருக்கின்றன. குண்டுகளைப் போல வெளியே எறியப்படும் நீர் அது. வரைந்து முடித்ததும் பச்சை லேசரால் கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்று வடக்கே சுட்டி, "இதெல்லாம் அந்தப் பக்கம்" என்றார். அங்கே கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த மாலையில் நான் மிக அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வெற்றிடத்தைத்தான்.

உரையிலும் ஒரு கடுமையான குறை உண்டு. என்ஜிசி 1333 பகுதியிலுள்ள ஐராஸ் 4பி என்ற இளம் நட்சத்திரத்தைப் பற்றி 2007இல் ஸ்பிற்சர் விண் தொலைகாட்டியின் பதிவுகளைக் கொண்டு வெளியான செய்தியை, அதாவது பூமியின் சமுத்திரங்களை ஐந்து முறை நிரப்பக்கூடிய நீர், நட்சத்திரத்தைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வாயு, தூசித் தட்டின்மேல் விழுகிறது என்பதை, அவர் அப்படியே சொன்னார். கேட்பவர்களுக்குப் பிடித்த செய்தி அது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் ஹேர்ஷெலின் பதிவுகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, அந்தச் சூடான நீரின் ஒளி தட்டில் விழும் நீரிலிருந்து வருவதல்ல, வெளியே பாயும் தாரையின் அதிர்ச்சியலையிலிருந்து வருவது என்று காட்டியது. இது சில்லறைத் திருத்தமன்று. ஹேர்ஷெல் கண்ட நீரொளியில் பெரும்பகுதி இவ்வாறு வெளியே பாயும் வாயுவுக்கு உரியது. அந்த நீர் கடலாகத் தேங்கப்போவதில்லை, முகிலுக்குள்ளே எறியப்பட்டு, ஊதாக்கடந்த கதிர் பட்ட இடத்தில் உடைந்தும், குளிர்ந்த இடத்தில் மீண்டும் தூசியில் உறைந்தும் போகிறது. எதிர்பார்த்த அளவைவிட நீராவி குறைவாக இருந்ததற்கும் அந்தக் கதிர்களின் உடைப்பு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கோள்களுக்குப் போய்ச்சேரும் நீரின் வழி வேறு: ஒரியன் பகுதியிலுள்ள வி883 என்ற நட்சத்திரத்தின் தட்டில், பாரஐதரசன் (ஐதரசனின் கனத்த வகை) கலந்த நீரை சிலியிலுள்ள அல்மா ரேடியோ அன்ரெனாக்களால் அளந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, பழைய முகிலின் பனி பெரிதாக மாற்றமடையாமல் தட்டுக்குள் வந்து சேர்கிறது என்ற முடிவைத் தந்தது. அதிர்ச்சியலை நீரை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. கோளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சத்தமில்லாத பனி. உரை முடிந்து ரீ குடிக்கும்போது இதை ஆசிரியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையை எனக்கு அனுப்புங்கோ, அடுத்தமுறை அதிலிருந்தே தொடங்குவம்" என்றார். இப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் நடத்துகிறார் என்பதால்தான் பரிந்துரைக்கத் துணிகிறேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆறரைக்கு வரச் சொல்லி ஏழேகாலுக்குத்தான் தொடங்கினார்கள். பற்றிஸ் ஆறியிருந்தது, கச்சான் மட்டும் சூடாகவும் தாராளமாகவும் கிடைத்தது. நுளம்புக்கு மருந்து பூசிக்கொண்டு போவது நல்லது. முன்வரிசைக் கதிரைகள் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, கடைசிவரை வெறுமையாகக் கிடந்தன. பாலர்களோடு வந்தவர்கள் மணலில் பாய் விரித்து இருந்தார்கள். உயர்தர மாணவர்களைக் கூட்டிப்போவதென்றால் தொலைகாட்டியின் வரிசையில் நிற்பதை விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள்.

மாசியும் பங்குனியும்தான் சரியான மாதங்கள். சித்திரைக்குப் பிறகு ஒரியன் பொழுது படும்போதே மேற்கே சாய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பதிவு செய்யவே வேண்டாம். மாரி முகிலில் வானம் மூடிக்கொண்டால் அமர்வு நடக்காது என்பதும், கட்டிய பணம் திரும்பாமல் அடுத்த மாதத்துக்கு மாற்றப்படும் என்பதும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில், அந்தக் கவர்ச்சி வாசகத்தில் கால்பங்கு அளவான எழுத்தில், அச்சிடப்பட்டிருக்கின்றன.